நாலு பன்னிரண்டில் நின்ற கப்பல்

போன வருடம் செப்டம்பர் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். திருவொற்றியூரில், எண்ணூர் விரைவுச் சாலைக்கு மேற்கே உள்ள எங்கள் குடியிருப்பின் மூன்றாவது மாடியில் நடந்தது இது. எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் இரண்டு தெரு, ஒரு சாலை, அவ்வளவுதான். நடந்தால் எட்டு நிமிடம். அந்த எட்டு நிமிடத்தைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போது நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தேன். ஓர் இடத்தில் உட்காரவே தெரியாத பெண் நான். எங்கள் தளத்தில் நாலு வீடு. நாலுக்கும் பொதுவாக ஒரே வைஃபை, அதன் பெட்டி எங்கள் வீட்டில். அதனாலேயோ என்னவோ, யார் வீட்டில் டிவி மக்கர் பண்ணினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். மொபைலில் இருப்பதை ஒயர் இல்லாமல் அப்படியே டிவியில் காட்டுவது எனக்கு ரொம்பப் பிடித்த வித்தை. கல்யாண வீடியோ, மஞ்சள் நீராட்டுப் படங்கள், பரீட்சை ரிசல்ட் என்று எதுவாக இருந்தாலும் சரி, இரண்டு தட்டு தட்டுவேன், சுவர் அளவுக்கு வந்துவிடும். எல்லோரும் ஆவென்று பார்ப்பார்கள். அந்த 'ஆ' எனக்குப் போதை மாதிரி.

எதிர் வீட்டு அக்காவின் கணவர் சரக்குக் கப்பலில் வேலை செய்பவர். டெக்கில் கயிறு, நங்கூரம், பெயின்ட் என்று எல்லா வேலையும் பார்ப்பார். ஒப்பந்தப்படி ஒன்பது மாதம் கடலில் இருக்க வேண்டும். அதில் ஐந்து மாதம் முடிந்திருந்த நேரத்தில்தான் அந்தச் சேதி வந்தது. அவருடைய கப்பல் வடக்கே போகிற வழியில் எண்ணெயும் சாமான்களும் ஏற்றிக்கொள்ள, சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே நடுக்கடலில் இரண்டு நாள் நங்கூரம் போடப்போகிறது. ஆனால் யாரும் கரைக்கு இறங்க முடியாது. சொந்த ஊர் கண்ணுக்கு எதிரில் தெரியும், கால் வைக்க முடியாது.

வியாழக்கிழமை சாயங்காலம் அவர் அக்காவுக்குப் பேசியபோது நானும் பக்கத்தில் இருந்தேன். சிக்னல் வந்து வந்து போனது.

"நாளைக்கு சாயங்காலம் கெளம்பிடுவோம். அஞ்சு மணின்றாங்க, முன்ன பின்ன ஆவலாம். நங்கூரத்த தூக்கி வெச்சதும் நான் டெக்குல வந்து நின்னுகினு இருப்பேன். நம்ம கரையோரமாத்தான் வடக்கால போவோம். வெயிலு மேக்கால இருக்கும் பாரு, ஷேவிங் கண்ணாடிய வெச்சு அடிக்கிறேன். பாப்பாவுக்கு செவப்பு கவுனு போட்டு கடலோர சொவுத்தாண்ட இட்டாந்து நிறுத்து."

சிறு வயதில் அவர் அப்பாவோடு மீன்பிடிப் படகில் போனவர். சாயங்காலம் கரைக்குத் திரும்பும்போது, கடலோரக் கருங்கல் சுவரில் உட்கார்ந்திருப்பவர்கள் கண்ணில் கண்ணாடிச் சில்லால் வெளிச்சம் அடித்து வம்பு பண்ணுவது இங்கே பையன்களுக்கு வழக்கம். சூரியன் கரைப் பக்கம் இருக்கிற நேரத்தில் கடலிலிருந்து அடித்தால் வெகு தூரத்துக்குப் பளீரென்று தெரியும். அந்தக் குறும்பைத்தான் கப்பலில் இருந்து செய்யப்போகிறேன் என்றார். ஆளைப் பார்க்க முடியாது, வெளிச்சத்தையாவது பார்க்கலாம். அக்கா போனை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

எனக்கோ கை பரபரத்தது. கப்பல்கள் எந்த இடத்தில் நிற்கின்றன, எந்தப் பக்கம் போகின்றன என்று வரைபடத்தில் காட்டுகிற ஆப் ஒன்று இருக்கிறது. அன்றைக்கே இறக்கினேன். கப்பலின் பெயரைப் போட்டதும் வந்துவிட்டது. நீலக் கடலில் ஒரு பச்சை வட்டம். நங்கூரம் போட்டிருந்தால் வட்டம், கிளம்பினால் அம்புக்குறி.

வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கெல்லாம் அக்கா தயாராகிவிட்டார். ஐந்து வயதுப் பாப்பாவுக்குச் சிவப்புக் கவுன், சிவப்பு ரிப்பன். முந்தின நாள் லேசாகக் காய்ச்சல் இருந்ததால் பாப்பாவைப் பள்ளிக்கூடம் அனுப்பவில்லை. வெயிலோ மண்டையைப் பிளந்தது. சுவரோரம் போய் நிற்பதென்றால் வரிசையாக நிற்கும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் புகுந்து சாலையைத் தாண்ட வேண்டும். அந்தப் பக்கம் போனால் நிழல் கிடையாது, புழுதிதான் உண்டு.

"அக்கா, காய்ச்சக்காரப் புள்ளைய இட்டுகினு போய் ஒரு மணி நேரம் வெயில்ல நின்னு இன்னா பண்ணப் போறீங்க? ஆப்ப டிவியில போடுறேன். கப்பல் நகந்துச்சுனா வட்டம் அம்பா மாறிடும். நகந்து நம்ம நேருக்கு வர எப்படியும் கால் மணி நேரம் ஆவும். நாம போறது எட்டு நிமிஷம். ஜாலியா போலாம்."

கணக்கு சரியாகத்தான் இருந்தது. இப்போது நினைத்தாலும் கணக்கில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை.

அக்கா தயங்கினார். "இல்லமா, முன்னாடியே போய் நின்னுட்டா மனசுக்கு ஒரு நிம்மதி..."

"டிவில தெரியுமேக்கா!"

என் மொபைலை அவர்கள் டிவியோடு இணைத்தேன். வரைபடம் பெரிதாக வந்தது. வலது பக்கம் கடல், இடது பக்கம் நம் கரை, நடுவில் பச்சை வட்டம். மொபைலில் எது வந்தாலும் டிவியில் தெரியும் என்பதால், மொபைலைச் சார்ஜில் போட்டு டிவி ஸ்டாண்டின் மேல் கவிழ்த்து வைத்தேன். யாரும் தொடக் கூடாது என்று உத்தரவும் போட்டேன்.

கீழ் வீட்டு மீன்கார அக்கா வியாபாரத்துக்குக் கிளம்புகிற வழியில் தண்ணீர் பாட்டில் வாங்கிப் போக மேலே வந்தார். தினமும் சாயங்காலம் கடலோரச் சுவரை ஒட்டி, பெரிய சிவப்புக் குடை ஒன்றை நட்டு அதன் கீழே மீன் விற்பவர். டிவியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"இன்னாமே இது? வானிலை செய்தியா?"

"கப்பல்க்கா. அண்ணனோட கப்பல். அந்தப் பச்சை."

"இதா கப்பலு? பட்டாணி மாரி கீது." சிரித்துவிட்டு பாட்டிலை இடுப்பில் சொருகினார். "எதுத்தாப்ல எம்மாம் பெரிய கடலு கீது. அத வுட்டுட்டு டப்பாவுல பட்டாணி பாத்துகினு கீறீங்க. நீங்க நல்லா படிச்ச புள்ளைங்கமா!"

நானும் சிரித்தேன். தொழில்நுட்பம் தெரியாதவர் என்று மனதுக்குள் ஒரு சின்ன இளக்காரம்கூட வந்தது. மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் காத்திருப்புதான். நாலரை ஆனது. வட்டம் அப்படியே நின்றது. அக்கா எழுந்து வராந்தாவுக்குப் போனார். அங்கிருந்து எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டியும் துணி காய்கிற கொடியும்தான் தெரியும். திரும்பி வந்தார். உட்கார்ந்தார். செருப்பை மாட்டினார்.

"கெளம்பிட்டாங்கமா. எனக்கு என்னவோ தோணுது."

"இல்லக்கா, பாருங்க, அசையவே இல்ல."

டிவியைப் பார்த்தார். செருப்பைக் கழற்றினார். ஐந்து மணிக்கு மறுபடி மாட்டினார். "கால் மணி நேரம் முன்னாடி போனா ஒண்ணும் ஆவாதே" என்றார். "புழுதி அக்கா, புள்ளைக்கு இருமல் வரும்" என்றேன். மறுபடி கழற்றினார். நானும் சும்மா இல்லை. நகம் கடித்தேன், ஜன்னலைத் திறந்தேன், மூடினேன், பாப்பாவின் ரிப்பனை அவிழ்த்துத் திரும்பக் கட்டினேன். பாப்பா நிமிடத்துக்கு ஒரு தரம் கேட்டது: "நைனா கப்பலு தூங்குதா?"

"ஆமாம், இப்ப எழுந்துக்கும்."

ஐந்தே காலுக்கு மூன்றாவது தடவை செருப்பு மாட்டிய அக்கா அதைக் கழற்றவே இல்லை. மாட்டிய செருப்போடு சோபா நுனியில் உட்கார்ந்திருந்தார். அந்த வீட்டில் செருப்போடு யாரும் உள்ளே வந்து நான் பார்த்ததில்லை.

ஐந்தரை இருக்கும். படியில் தடதடவென்று சத்தம். மீன்கார அக்கா காலிக் கூடையோடு வாசலில் நின்றார். அன்றைக்கு மீன் சீக்கிரம் தீர்ந்துவிட்டதாம்.

"அட, இங்கயேவா குந்திகினு கீறீங்க? அங்க ஒரு கப்பலு பளிச்சு பளிச்சுனு அடிச்சிகினே போச்சேமே! நீங்க எங்கனா அந்தாண்ட நின்னுகினு இருப்பீங்கனு நெனச்சேன். அரை மணி நேரம், கண்ணு கூசிப் போச்சு எனக்கு!"

அக்கா டிவியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பச்சை வட்டம் அப்படியே இருந்தது. அப்போதுதான் என் கண் மேலே, திரையின் ஓரத்துக்குப் போனது. என் மொபைலின் மணி அங்கே சின்னதாகத் தெரிந்துகொண்டிருந்தது. 4.12.

சுவர்க் கடிகாரம் ஐந்து முப்பத்துமூன்று காட்டியது.

மொபைலைப் பிடுங்கி எடுத்தேன். அதில் பச்சை வட்டம் இல்லை. எங்கள் கரையைத் தாண்டி, எண்ணூரையும் தாண்டி, வடக்கே மூக்கை நீட்டிக்கொண்டு ஓர் அம்புக்குறி போய்க்கொண்டிருந்தது.

டிவியில் படம் நாலு பன்னிரண்டுக்கே உறைந்துவிட்டிருந்தது. பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வந்து, நாலு வீட்டிலும் ஒரே வைஃபையில் விளையாட்டு, கார்ட்டூன் என்று ஏறிக்கொண்ட நேரம் அது. அதனால்தான் நின்றதா, வேறு காரணமா என்று இன்றுவரை எனக்கு உறுதியாகத் தெரியாது. சினிமா ஓடியிருந்தால் நின்ற நொடியே தெரிந்திருக்கும். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்ததோ நிற்கிற கப்பலை. நிற்கிற கப்பலுக்கும் நின்றுபோன படத்துக்கும் என்ன வித்தியாசம் தெரியும்? மணியைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஒன்றேகால் மணி நேரம் அதே திரையை முறைத்துக்கொண்டிருந்த எனக்கு, அந்த மூன்று எண்களைப் படிக்கத் தோன்றவில்லை.

அக்கா பாப்பாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு படியிறங்கி ஓடினார். பின்னாலேயே நான். சாலையில் டிரெய்லர் லாரிகள் ஒன்றை ஒன்று ஒட்டி நின்றன. இரண்டுக்கும் நடுவில் இருந்த சந்தில் புகுந்தோம். மேலே இருந்து ஒரு டிரைவர் கத்தினார்: "யம்மா, வண்டி எடுத்துட்டா இன்னா ஆவுறது? கொழந்தய வெச்சுகினு..." காதில் விழுந்தது, கால் நிற்கவில்லை.

சுவர் மேல் ஏறி நின்றோம். கருங்கல் இன்னும் சுட்டது. கடல் காலியாக இல்லை, தெற்கே நாலைந்து கப்பல்கள் நின்றன. வடக்கே, அனல்மின் நிலையப் புகைபோக்கிகளுக்கு அப்பால், தீப்பெட்டி அளவுக்கு ஒன்று போய்க்கொண்டிருந்தது. அதில் வெளிச்சம் எதுவும் இல்லை. பாப்பா எல்லாக் கப்பலுக்கும் கை ஆட்டியது. எது அப்பாவுடையது என்று அதற்குத் தெரியாது.

"அக்கா..." என்றேன்.

அப்போது அக்காவின் போன் அடித்தது. அவர்தான். கரையோரம் இருக்கிறவரை கிடைக்கும் கடைசிச் சிக்னல். காற்றில் குரல் துண்டு துண்டாக வந்தாலும், எனக்கும் கேட்கிற அளவுக்குக் கத்தினார்.

"பாத்தியா? வெளிச்சம் தெரிஞ்சிச்சா?"

அக்கா என்னைப் பார்த்தார். கோபமாக ஒரு பார்வை பார்த்திருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"பாத்தோம். பளிச்சு பளிச்சுனு அடிச்சிச்சு. அரை மணி நேரம். கண்ணு கூசிப் போச்சு."

மீன்கார அக்கா சொன்ன அதே வார்த்தைகள். பாப்பா "நைனா, நைனா" என்று போனுக்குக் கை நீட்டியது. அக்கா உடம்பைத் திருப்பிக்கொண்டார். "பாப்பா கை ஆட்டிச்சு. குதிச்சிச்சு. நீ பாத்து போ" என்றார். பிறகு வெறும் இரைச்சல். போன் கட்டாகிவிட்டது.

திரும்பி வரும்போது அக்காவே என்னிடம் சொன்னார். "அழாத. வா, டீ போடுறேன்."

அதற்குப் பிறகு நாலு மாதம் நான் யார் வீட்டு டிவியையும் தொடவில்லை. கூப்பிட்டால் தலைவலி என்றேன், நேர்காணல் என்றேன். எதிர் வீட்டுக் கதவு திறக்கிற சத்தம் கேட்டால் எங்கள் வீட்டு உள் அறைக்குப் போய்விடுவேன்.

ஜனவரியில் ஒப்பந்தம் முடிந்து எதிர் வீட்டு அண்ணன் வந்தார். வந்த மறுநாள் காலையிலேயே எங்கள் கதவைத் தட்டினார். "இன்னா தங்கச்சி, ஆளையே காணோம்? வா வா, போன்ல எக்கச்சக்க வீடியோ கீது. டிவில போட்டு வுடு."

போகாமல் இருக்க முடியவில்லை. கை தன்னால் வேலை செய்தது. இரண்டு தட்டு, வந்துவிட்டது. இன்ஜின் அறை, சமையலறை, பனி கொட்டுகிற ஏதோ ஒரு துறைமுகம். மீன்கார அக்காவும் வந்து தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் ஒரு நக்கல் அடித்தார். அடுத்த வீடியோ தொடங்கியது.

கடல். அதற்கு அப்பால் நீளமாக ஒரு சாம்பல் கோடு. புகைபோக்கிகள். அது நம் கரை. கூட வேலை செய்யும் தூத்துக்குடிக்காரர் எடுத்தாராம். படத்தின் ஓரத்தில் அண்ணனின் கையும், அதில் வட்டக் கண்ணாடியும். அண்ணனின் குரல் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டது.

"அந்தத் தண்ணி டாங்கி தெரியுதா? அதுக்கு இந்தாண்ட. அங்கதான் நிக்குறாங்க. பெருசு பண்ணு, பெருசு பண்ணு... தோ செவப்பா! என் பொண்ணுடா அது! செவப்பு கவுனு!"

கோட்டின் மேல் மங்கலாக ஒரு சிவப்புப் புள்ளி. வீடியோவில் இருந்தவர் அந்தப் புள்ளியைப் பார்த்துக் கண்ணாடியை ஆட்டி ஆட்டிச் சிரித்தார்.

பாப்பா துள்ளியது. "நானு! அது நானு!"

அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து நின்றுவிட்டேன்.

"அண்ணா, அது பாப்பா இல்ல. நாங்க அங்க இல்லவே இல்ல. என்னாலதான்."

எல்லாவற்றையும் சொன்னேன். ஆப், வட்டம், நாலு பன்னிரண்டு, அக்காவின் செருப்பு, எல்லாம். சொல்லி முடித்தபோது டிவியில் அந்த வீடியோ தன்னால் மறுபடி முதலில் இருந்து ஓடிக்கொண்டிருந்தது.

அண்ணன் அக்கா பக்கம் திரும்பிக் கேட்டார். "அப்ப ஏன் பாத்தேன்னு சொன்ன?"

"நீ கேட்டதுக்கு வேற இன்னா பதிலு கீது?" என்றார் அக்கா.

அவர் திரையைப் பார்த்தார். "அவ்ளோ தூரத்துல கொழந்த எங்க தங்கச்சி தெரியும்? கப்பல்ல வேல பாக்குறவனுக்கு இது தெரியாதா? ரெண்டு நாள் கழிச்சு இதையே பாத்தப்ப, நம்ம பொண்ணு எப்ப மீன் கடை கொட சைசுக்கு வளந்துச்சுனு யோசிச்சேன்." மீன்கார அக்கா பக்கம் திரும்பினார். "அப்ப அரை மணி நேரம் வெயில்ல நின்னு உனக்கா கண்ணாடி அடிச்சேன்?"

"எனக்குத்தான் நைனா! நானும் யார்ரா அது, இந்த வயசுல நமக்குக் கண்ணாடி அடிக்கிறான்னு கூந்தல சரி பண்ணிகினேன்!"

வீடு முழுக்கச் சிரிப்பு. அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அண்ணனும் சிரித்தார். ஆனால் சிரித்து முடித்த பிறகு, பாப்பாவை மடியில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டு சொன்னார்: "இருந்தாலும் அன்னிக்கு நீங்க நிக்குறீங்கனு நெனச்சிகினுதான் அடிச்சேன். அது பொய்யில்லையே." அதை எங்களிடம் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா என்று தெரியவில்லை. என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை.

இப்போது எனக்கு வேலை கிடைத்துவிட்டது, அதுவும் திரைக்கு முன்னால்தான். பரபரப்பும் குறையவில்லை, யார் கூப்பிட்டாலும் பழையபடி டிவியில் இணைத்துக்கொடுக்கத்தான் செய்கிறேன். ஆனால் படம் வந்ததும் முதலில் மூலையில் இருக்கும் மணியைப் பார்க்கிறேன், அப்புறம் எழுந்து ஜன்னலுக்குப் போகிறேன். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிற நேரத்தில் வெளியே எங்கேயோ ஒருவர், நாம் அங்கே நிற்கிறோம் என்று நம்பி, கை வலிக்க வலிக்க வெளிச்சம் காட்டிக்கொண்டிருக்கலாம் என்ற நினைப்பு என்னை இன்னும் உட்கார விடுவதில்லை.